தவறியது புள்ளியா, தண்ணீரா?

பாலக்கீரையில் இரும்புச்சத்து கொட்டிக் கிடக்கிறது என்பது இரண்டு மூன்று தலைமுறைகள் நம்பிய செய்தி. அது தவறு என்பதும் இன்று ஏறக்குறைய அதே அளவுக்குப் பரவியிருக்கிறது. இந்த இரண்டாவது செய்தி எப்போதும் ஒரு சுவையான கதையோடுதான் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானிய வேதியியலாளர் கீரையை ஆராய்ந்து எழுதியபோது தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டாராம். 3.5 என்று இருக்க வேண்டியது 35 ஆகிவிட்டதாம். அந்தப் பிழையை நம்பித்தான் பாப்பாய் என்ற கார்ட்டூன் மாலுமி டப்பா டப்பாவாகக் கீரை தின்றாராம். 1930களில் வேறு சில ஜெர்மானியர்கள் பிழையைக் கண்டுபிடித்தும், அதற்குள் உலகமே கீரை தின்னத் தொடங்கிவிட்டதாம். வினாடி வினா மேடையிலும் 'உங்களுக்குத் தெரியுமா' பெட்டிச் செய்திகளிலும் மருத்துவ இதழ்களிலும் பல்கலைக்கழகப் பாடங்களிலும் இந்தக் கதை இடம்பிடித்திருக்கிறது. இதற்கு ஆதாரம் கிடையாது என்பதைத்தான் இங்கே காட்ட முயல்கிறேன். அதோடு நிற்காமல், இந்தப் பொய்க் காரணம் உண்மையான காரணத்தை மறைத்துவிட்டது என்பதையும், அப்படி மறைந்ததால் அதே பிழை இன்றும் நம் சாப்பாட்டுத் தட்டு வரை வருகிறது என்பதையும் காட்ட வேண்டும்.

முதலில் பாப்பாய். அமெரிக்கச் சித்திரக்காரர் இ. சி. சீகர், 'திம்பிள் தியேட்டர்' என்ற செய்தித்தாள் சித்திரத் தொடரில் இந்த ஒற்றைக்கண் மாலுமியை 1929 ஜனவரியில் அறிமுகப்படுத்தினார். அப்போது அவருக்கும் கீரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆரம்பக் கதைகளில் ஒரு மந்திரக் கோழியின் தலையைத் தடவியதால்தான் அவர் துப்பாக்கிக் குண்டுகளிலிருந்து தப்பிக்கிறார். கீரை அதற்குப் பிறகு, 1930களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. 1932ல் வந்த ஒரு சித்திரத்தில் தாம் ஏன் கீரை தின்கிறோம் என்று பாப்பாயே காரணம் சொல்கிறார்: அதில் வைட்டமின் ஏ நிறைந்திருக்கிறதாம். இரும்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. வைட்டமின்களைப் பிரித்தறிவதும் பெயரிடுவதும் பரபரப்பாக நடந்துகொண்டிருந்த காலம் அது. பச்சைக் கீரைகளில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது என்பதும் உண்மை. ஆகவே பாப்பாய் சொன்ன காரணத்தில் அறிவியல் பிழை இல்லை. டெக்சாஸ் மாநிலத்தில் கீரை விளையும் கிரிஸ்டல் சிட்டி 1937ல் அவருக்குச் சிலை வைத்தது. அவரை இரும்போடு முடிச்சுப் போட்டது பின்னால் வந்தவர்களின் வேலை.

அடுத்து அந்தப் புள்ளி. இந்தக் கதையை உலகத்துக்குக் கொண்டுசேர்த்தது 1981 டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' கிறிஸ்துமஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர் இரத்தவியல் மருத்துவர் டெரன்ஸ் ஹாம்ப்ளின். அறிவியலில் நடந்த மோசடிகளையும் புரட்டுகளையும் பற்றிய அந்தக் கட்டுரையில் பாலக்கீரை ஓர் எடுத்துக்காட்டாகச் சில வரிகளில் வந்துபோகிறது: 1930களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் மறுபடி ஆராய்ந்தார்கள், முன்னோர் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்ததால் அளவு பத்து மடங்காகிவிட்டதைக் கண்டார்கள். யார் அந்த வேதியியலாளர்கள், எந்த ஆண்டு, எந்த இதழ் என்ற விவரம் ஒன்றும் அங்கே இல்லை. அவருக்கு முன்பே, லண்டன் ஊட்டச்சத்துப் பேராசிரியர் ஆர்னால்ட் பெண்டர் 1970களில் இதே கதையைச் சொல்லியிருக்கிறார். 1870ஐ ஒட்டிய காலத்து வான் வோல்ஃப் என்ற ஜெர்மானியரின் பெயர் இந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டது. எமில் வான் வோல்ஃப் உண்மையாகவே வாழ்ந்த வேளாண் வேதியியலாளர். ஆனால் கதை கைமாறிக்கொண்டே போனதில் எமில் என்ற பெயர்கூட சில பிரதிகளில் எரிக் ஆகிவிட்டது. சொல்பவர்களில் எவரும் மூல நூலைத் திறந்து பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை.

2010ல் மைக் சட்டன் என்ற ஆங்கிலேயக் குற்றவியல் ஆய்வாளர் இந்தக் கதையின் வேரைத் தேடிப் புறப்பட்டார். ஹாம்ப்ளினையே கேட்டார். மூலத்தைச் சுட்ட அவரால் முடியவில்லை, அதை அவர் நேர்மையாக ஒப்புக்கொண்டார். பழைய அட்டவணைகளைப் புரட்டிய சட்டனுக்குப் புள்ளி தவறியதற்கான தடயம் எதுவும் அகப்படவில்லை. 2014ல் நார்வேயைச் சேர்ந்த ஊலே பியோர்ன் ரெக்டால் இதே விவகாரத்தை இன்னொரு பக்கத்திலிருந்து ஆராய்ந்தார். கல்வியுலகில் இந்தக் கதை எப்படி மேற்கோளிலிருந்து மேற்கோளுக்குத் தாவியது என்பதே அவருடைய கேள்வி. அவர் காட்டிய ஒரு விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆராயாமல் நம்பாதீர்கள், மூலத்தைப் பாருங்கள் என்று மாணவர்களுக்கும் சக ஆய்வாளர்களுக்கும் அறிவுரை சொல்லும் கட்டுரைகளே இந்தப் புள்ளிக் கதையை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தின. பயன்படுத்தியவர்கள் தாங்கள் மூலத்தைப் பார்க்கவில்லை. சட்டனின் ஆய்வு வெளிவந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அறிவியல் உண்மைகள் எப்படிக் காலாவதியாகின்றன என்பதையே பொருளாகக் கொண்ட ஒரு நூலும் இதே கதையை உண்மையென்று சொன்னது.

இவ்வளவு படித்தவர்கள் இதை ஏன் சோதிக்கவில்லை என்று யோசிக்க வேண்டும். ஒரு புதிய செய்தியைக் கேட்கும்போது நமக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். ஒரு பழைய நம்பிக்கையைத் திருத்தும் செய்தியைக் கேட்கும்போது அந்தச் சந்தேகம் முழுவதும் பழைய நம்பிக்கையின் மேல் திரும்பிவிடுகிறது, திருத்தம் சோதனையில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. திருத்துபவர் ஏற்கெனவே சோதித்திருப்பார் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். போதாக்குறைக்கு இந்தக் கதையின் வடிவமும் கச்சிதமானது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் புள்ளி, அதனால் ஏமாந்த ஒரு பெரிய உலகம், நடுவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கார்ட்டூன் முகம். நினைவில் தங்குவதற்கு என்னவெல்லாம் வேண்டுமோ அவ்வளவும் இதில் இருக்கிறது. உண்மையாக இருப்பதற்கு வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. மனிதர் தூக்கத்தில் ஆண்டுக்கு எட்டுச் சிலந்திகளை விழுங்குகிறார் என்ற பொய்ச் செய்திக்கும் இதே கதி நேர்ந்தது. இணையத்தில் எதையும் நம்புகிறார்கள் என்று காட்டுவதற்காக 1993ல் ஒரு பெண் பத்தியாளர் வேண்டுமென்றே கட்டிவிட்ட செய்தி அது என்று ஒரு விளக்கம் பரவியது. அந்தப் பத்தியைத் தேடிப்போனவர்களுக்கு அது கிடைக்கவேயில்லை. பொய்யை மறுக்க வந்த விளக்கம் தனக்கென்று ஓர் ஆதாரம் இல்லாமலேயே ஊரைச் சுற்றி வந்திருக்கிறது.

பாலக்கீரைக்குத் திரும்புவோம். பெரிய எண் எங்கிருந்து வந்திருக்க முடியும் என்பதற்குப் புள்ளியை இழுக்காமலேயே ஒரு விடை இருக்கிறது, அது சாதாரணப் பெருக்கல் வகுத்தலில் அடங்கும். 100 கிராம் பச்சைப் பாலக்கீரையில் இன்றைய அட்டவணைகளின்படி 3 மில்லிகிராமுக்குச் சற்று முன்பின்னாக இரும்பு இருக்கிறது. அமெரிக்க அட்டவணை 2.7 என்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையும் 3ஐ ஒட்டியே சொல்கிறது. அந்த 100 கிராம் கீரையில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர். கீரையை முழுக்கக் காயவைத்தால் மிஞ்சுவது ஒன்பது, பத்து கிராம். தண்ணீர்தான் ஆவியாகிறது, இரும்பு அப்படியே இருக்கிறது. ஆக அந்தப் பத்து கிராம் சருகில் அதே 3 மில்லிகிராம் இரும்பு. 100 கிராம் சருகுக்குக் கணக்கிட்டால் 30 மில்லிகிராம். யாரும் எங்கும் புள்ளியைத் தள்ளாமல், எந்தத் தராசும் பிழை செய்யாமல், அளவு பத்து மடங்காகிவிட்டது. பாசெல் பல்கலைக்கழகத்தின் உடலியலாளர் குஸ்டாவ் வான் பூங்கே 1890களில் உணவுப்பொருள்களின் இரும்பை அளந்தபோது உலர்ந்த பொருளுக்கே கணக்கிட்டார். பாலக்கீரைக்கு அவர் தந்தது 35ஐ ஒட்டிய எண். உலர்ந்த கீரைக்கு அது சரியான எண்தான். அவர் உலர்த்தி அளந்ததற்கும் நல்ல காரணம் உண்டு. ஒரு கட்டுக் கீரையில் காலையில் இருக்கும் தண்ணீர் மாலையில் இருப்பதில்லை, ஆகவே ஈரத்தோடு நிறுத்தால் அளவு நிலையாக இருக்காது. வேளாண் வேதியியலாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ச் செடியை எரித்து, சாம்பலில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். எமில் வான் வோல்ஃப் தொகுத்த புகழ்பெற்ற அட்டவணைகள் சாம்பல் பகுப்பாய்வுகளே. 100 கிராம் பச்சைக்கீரையில் சாம்பல் 2 கிராமை ஒட்டியே தேறும். பச்சைக்கு ஓர் எண், சருகுக்கு ஓர் எண், சாம்பலுக்கு ஓர் எண். மூன்றும் ஒரே கீரைக்குரியவை, மூன்றையும் கலந்து படித்தால் எந்த விந்தையும் உருவாகும். போதாததற்கு, சரியாகக் கழுவாத இலையில் ஒட்டியிருக்கும் மண்ணிலும் இரும்பு நிறைய உண்டு, அது கீரையின் கணக்கில் ஏறிவிடும்.

மற்றவர்களிடம் கேட்ட கேள்வியை இந்த விளக்கத்திடமும் கேட்க வேண்டும். இன்ன ஆண்டு இன்னார் பூங்கேயின் எண்ணை எடுத்து, 'உலர்ந்த' என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதினார் என்று ஒரு தனி ஆளைக் காட்டி நான் முடிவு கட்டவில்லை. காட்டக் கூடியவை வேறு: உலர்பொருள் அட்டவணைகள் அச்சில் இருக்கின்றன, பச்சைக்கும் சருகுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய பத்து என்பதை ஒரு தராசும் வெயிலும் இருந்தால் யாரும் நிறுவிவிடலாம். புள்ளிக் கதைக்கு இப்படிக் கையில் எடுத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. சோதிக்கக் கூடிய விளக்கமும் சோதிக்க வழியில்லாத விளக்கமும் எதிரெதிரே நிற்கும்போது முதலாவதன் பக்கம் சாய்வதே முறை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். புள்ளியோ தண்ணீரோ, கடைசி முடிவு ஒன்றுதானே; பாலக்கீரையில் நினைத்த அளவுக்கு இரும்பு இல்லை என்று தெரிந்துவிட்டது, காரணம் எதுவானால் என்ன. நோய் தீர்ந்த பிறகு அது எப்படி வந்தது என்ற ஆராய்ச்சி எதற்கு என்பது போன்ற வாதம் இது. ஆனால் நோய் தீரவில்லை. புள்ளி தவறியது என்று நம்பினால், அது ஒருமுறை நடந்து திருத்தப்பட்டுவிட்ட விபத்து, அதிலிருந்து கற்றுக்கொள்ள அச்சுப்பிழை பார்ப்பதைத் தவிர எதுவும் இல்லை. தண்ணீரைக் கணக்கில் எடுக்காதது காரணம் என்றால், அது எந்த உணவிலும் எந்த நாளிலும் மறுபடி நடக்கும். நடந்தும் இருக்கிறது, நம் முருங்கைக்கீரையிலேயே. முருங்கை இலைப் பொடியில் பாலக்கீரையைவிட 25 மடங்கு இரும்பு என்ற வாசகம் பொட்டலங்களிலும் கைபேசிச் செய்திகளிலும் பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. கூடவே பாலைவிட 17 மடங்கு கால்சியம், வாழைப்பழத்தைவிட 15 மடங்கு பொட்டாசியம் என்ற வரிகளும் வரும். ஒப்பீட்டின் ஒரு பக்கத்தில் காய்ந்த பொடி, மறு பக்கத்தில் தண்ணீர் நிறைந்த பச்சைக்கீரை, பால், பழம். தண்ணீரை எடுத்துவிட்ட பொருளையும் எடுக்காத பொருளையும் எடைக்கு எடை வைத்தால் எந்த இலையும் வெல்லும். பச்சையோடு பச்சையை வைத்துப் பார்த்தால், இந்திய அட்டவணைப்படி 100 கிராம் முருங்கைக்கீரையில் இரும்பு 4.5 மில்லிகிராமை ஒட்டியது. பாலக்கீரையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். முருங்கை இலையில் தண்ணீர் குறைவு, நூற்றுக்கு எழுபத்தைந்தை ஒட்டியே இருக்கும். அதனால் சருகோடு சருகை ஒப்பிட்டால் அந்த ஒன்றரை மடங்கும் போய்விடும், பாலக்கீரை முந்தவும் செய்யலாம். பொடி உண்பவர் 100 கிராமை அள்ளித் தின்பதும் இல்லை. 100 கிராம் பொடிக்கு 28 மில்லிகிராம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு தேக்கரண்டியில் ஐந்து கிராம் பிடிக்கும் என்றால் கிடைப்பது 1.4 மில்லிகிராம். முருங்கைக்கீரை மிக நல்ல உணவு, அதில் எனக்கு ஐயமில்லை. 25 மடங்கு என்ற விளம்பரம் அதற்குத் தேவையும் இல்லை.

பருப்பிலும் இதே கணக்குத்தான். முட்டையில் நூற்றுக்குப் 13 பங்கு புரதம், துவரம்பருப்பில் 22 பங்கு, ஆகவே பருப்பே மேல் என்று ஒரு செய்தி அடிக்கடி வரும். 22 என்பது டப்பாவில் இருக்கும் காய்ந்த பருப்பின் எண். வெந்த பருப்பு தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு எடை கூடிவிடும், அப்போது 100 கிராமுக்கு ஏழு கிராமை ஒட்டிய புரதமே இருக்கும், சாம்பாரில் அதைவிடக் குறையும். முட்டையை அவித்தால் அதன் எடை பெரிதாக மாறுவதில்லை. எண்கள் இரண்டும் சரி, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தவறு.

உணவுக்கு வெளியேயும் பொதுவாகப் புழங்கும் விந்தைச் செய்திகள் பல இப்படித்தான் கெட்டுப்போயிருக்கின்றன. யாரும் பொய் சொல்வதில்லை. எண்ணோடு ஒட்டியிருந்த நிபந்தனை வழியில் உதிர்ந்துவிடுகிறது, எண் மட்டும் வந்து சேர்கிறது. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு, ஓரங்களில் புளிப்பும் உப்பும் என்று பள்ளிப் புத்தகங்களில் வந்த படத்தை எடுத்துக்கொள்ளலாம். 1901ல் ஜெர்மனியில் ஹேனிக் என்பவர் அளந்தது, நாக்கின் வெவ்வேறு பகுதிகள் ஒவ்வொரு சுவையையும் எவ்வளவு நீர்த்த கரைசலில் உணரத் தொடங்குகின்றன என்பதை. பகுதிக்குப் பகுதி சிறிய வேறுபாடு இருந்தது, எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் உணர்ந்தது. 1942ல் ஹார்வர்டின் எட்வின் போரிங் தம் நூலில் அந்த முடிவுகளை ஒரு வரைபடமாக மாற்றித் தந்தார். அளவுகோல் தெளிவாக இல்லாததால், சற்றே குறைந்த உணர்வு என்பதைப் படித்தவர்கள் உணர்வே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். நாக்கு பிரிவினையாகிவிட்டது. 1974ல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்து, வேறுபாடு இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது என்று காட்டினார். நாக்கு நுனியில் ஒரு கல் உப்பை வைத்துப் பார்த்தால் அந்தப் படம் அங்கேயே முடிந்துவிடும். இருந்தும் பல பத்தாண்டுகள் அது வகுப்பறைகளில் நீடித்தது. காய்ச்சல் பார்க்கும் எண்ணுக்கும் இதே வரலாறு உண்டு. லைப்சிக் நகர மருத்துவர் வுண்டர்லிக் ஏறக்குறைய 25,000 பேரின் அக்குள் வெப்பத்தை அளந்து, 1868ல் சராசரி 37 டிகிரி செல்சியஸ் என்று எழுதினார். அது ஒரு முழு எண், அதற்கு மேலும் கீழும் இயல்பான ஏற்ற இறக்கம் உண்டு என்பதையும் அவரே சொன்னார். ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 ஆயிற்று. மூலத்தில் இல்லாத தசமத் துல்லியம் மாற்றத்தில் முளைத்துவிட்டது. 1992ல் ஃபிலிப் மாக்கோவியக் குழுவினர் 148 பேரிடம் அளந்தபோது சராசரி 98.2 என்றுதான் வந்தது. அதிகாலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருந்தது.

இதெல்லாம் பொழுதுபோக்குச் செய்திகள், இவற்றுக்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று இன்னொரு மறுப்பும் உண்டு. வியப்பு என்பது அறிவுக்கு வாசல் என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஒரு குழந்தை அறிவியலுக்குள் நுழைவது பெரும்பாலும் இப்படியொரு துணுக்கின் வழியாகத்தான். அதனால்தான் துணுக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறேன். சந்திரனிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்ற செய்தி, மனிதன் விண்வெளிக்குப் போவதற்கு வெகு காலம் முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவரின் கடிதத்திலேயே தலைகாட்டிவிட்டது. பார்த்துச் சொல்ல அப்போது ஆளே கிடையாது. மனிதக் கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. சந்திரனின் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். அங்கிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர் அகலமாவது இருந்தால்தான் ஒரு பொருளைக் கண் தனியாகப் பிரித்துக் காணும். சுவரின் அகலம் பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டரைக்கூடத் தொடாது. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்கலத்திலிருந்து பார்த்தாலும் இந்த எல்லை 100 மீட்டருக்கு மேல். நீண்ட கோடாகவும் சுற்றுப்புறத்திலிருந்து நிறம் மாறுபட்டும் இருந்தால் அதைவிட ஒடுக்கமானதும் தெரியலாம் என்பது உண்மை. சுவரோ அங்கங்கே கிடைத்த மண்ணாலும் கல்லாலும் கட்டப்பட்டது, நிலத்தின் நிறத்தோடு நிறமாகக் கலந்துவிடும். 2003ல் விண்வெளிக்குச் சென்ற முதல் சீன வீரர் யாங் லிவெய், தமக்குச் சுவர் தெரியவில்லை என்று திரும்பி வந்து சொன்னார். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த ஒரு மாணவர் இதை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கு, பொய்த் துணுக்கைவிட எனக்கு எவ்வளவோ சுவையாகப் படுகிறது.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. திருத்தத்தையும் நம்பாதே, திருத்தத்தின் திருத்தத்தையும் சோதி என்றால் எங்கே நிற்பது. ஹாம்ப்ளினை நம்பாதவர் சட்டனையும் ரெக்டாலையும் மட்டும் ஏன் நம்ப வேண்டும். இதற்கு விடை ஆளைப் பற்றியது இல்லை. ஹாம்ப்ளின் தகுதியான மருத்துவர், நேர்மையான மனிதர், இருந்தும் அவர் சொன்னதை இன்னொருவர் போய்ப் பார்க்க அவர் வழி வைக்கவில்லை. சட்டன் சொல்வது, 1981 கட்டுரையின் அந்தப் பத்தியில் சான்று இல்லை என்பது. பழைய இதழைத் திறந்தால் யாரும் சரிபார்க்கலாம். 1932 சித்திரத்தில் வைட்டமின் ஏ என்று இருப்பதையும் அப்படியே பார்க்கலாம். நாளை ஒருவர் ஏதோ ஒரு ஜெர்மன் நூலகத்திலிருந்து புள்ளி தவறிய பக்கத்தை எடுத்துக்காட்டினால் சட்டனின் வாதம் அன்றே விழும். விழக் கூடிய வாதமாக அவர் அதை வைத்திருக்கிறார். அந்த ஏற்பாடு இருக்கும் இடத்தில் எல்லையில்லாமல் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகையில் இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கண்டது. இரும்பைப் பற்றிய துணுக்கு இங்கே பொழுதுபோக்காக நிற்பதில்லை, அது ஒரு வீட்டின் சமையலைத் தீர்மானிக்கிறது, சில வீடுகளில் மருத்துவர் தந்த மாத்திரையை ஒதுக்கிவிடவும் காரணமாகிறது. வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. 100 கிராம் பாலக்கீரை தருவது அதில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய அளவைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், நாம் தின்னும் இரும்பில் சிறு பங்கே குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போகிறது. பச்சை எடையா உலர்ந்த எடையா என்ற கேள்வி தீர்ந்த பிறகும் இந்த நிபந்தனை மிச்சம் இருக்கிறது. கீரை, தானியம், பருப்பு ஆகியவற்றில் உள்ள இரும்பு, இறைச்சியின் இரத்த நிறமியோடு சேர்ந்து வரும் இரும்பைப் போல எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. கீரையில் உள்ள பாலிஃபீனால்களும் தானியத்தில் உள்ள ஃபைடேட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியும் டீயும் இன்னும் குறைக்கின்றன. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் வைட்டமின் சி அந்த இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றி உதவுகிறது. உறிஞ்சும் அளவை முடிவு செய்வதில் உண்பவரின் உடலுக்கும் பங்கு உண்டு. இரும்பு இருப்பு நிறைந்திருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் வழியை அடைக்கிறது. இருப்பு வற்றியிருந்தால் ஹெப்சிடின் குறைந்து வழி திறக்கிறது. ஒரே வாணலியில் வதக்கிய ஒரே கீரை, இரத்தசோகை உள்ள மகளுக்கு ஓர் அளவும், இரும்பு நிறைந்த தந்தைக்கு அதைவிடக் குறைந்த அளவும் தருகிறது. அந்த இரண்டு அளவுகளையும் எந்த உணவு அட்டவணையும் அச்சிட முடியாது.